எர்த் குழிக்கு இரண்டு குடம்

1. பதினோரு வோல்ட்

“சார், சுவாதின்னு தட்டினா மெஷின் அப்படியே நின்னுடறது. மத்த நட்சத்திரமெல்லாம் நன்னா வர்றது.”

போனில் பேசியவர் சேஷாத்ரி. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், சொந்த வீட்டின் கீழ்த்தளத்தில் திருமணத் தகவல் நிலையம் நடத்திக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. நட்சத்திரம், கோத்திரம், படிப்பு, உயரம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, பொருந்துகிற ஜாதகங்களைப் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார்கள். பிரிண்டர் கிறீச்சிடுகிற சத்தத்தைக் கேட்டபடி பெஞ்சில் பெற்றோர்கள் காத்திருப்பார்கள். டாக்டரிடம் ரிப்போர்ட் காட்ட வந்தவர்களின் முகம்தான் எல்லோருக்கும்.

நான் தி.நகரில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் இன்ஜினியர். இன்ஜினியர் என்பது விசிட்டிங் கார்டில் போட்டது. உண்மையில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா, மூன்று வருட அனுபவம், ஒரு மொபெட், ஒரு தோல் பை. அந்த வயதில் எனக்குத் தெரியாதது என்று ஏதாவது இருக்கும் என்பதே எனக்குத் தெரியாது.

போய்ப் பார்த்தேன். ஒரு சர்வர். அதிலிருந்து ஒரே கோஆக்ஸ் கேபிளில் வரிசையாகக் கோத்த நான்கு கம்ப்யூட்டர்கள். சுவாதி மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த ஜாதகங்கள் இருந்த இடத்தில் ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போக ஆரம்பித்திருந்தது. ஏன் கெடுகிறது என்று பார்க்க மல்டிமீட்டரை எடுத்து ப்ளக் பாயிண்டில் வைத்தேன். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் பதினோரு வோல்ட்.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு எர்த் குழியைக் கண்ணில் பார்த்த பழக்கம் இருக்காது. அதனால் சொல்லிவிடுகிறேன். ப்ளக்கில் மேலே இருக்கிற பெரிய ஓட்டைதான் எர்த். அதிலிருந்து போகிற கம்பி கட்டிடத்துக்கு வெளியே ஒரு குழியில் புதைத்த இரும்புக் குழாயில் முடியும். குழிக்குள் கரியும் உப்பும் கொட்டி வைத்திருப்பார்கள். மண் ஈரமாக இருந்தால் கசிகிற கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். மண் காய்ந்தால் அது கம்ப்யூட்டர் பாடியிலேயே தங்கி, நெட்வொர்க் கார்டையும் டிஸ்க்கையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லும். மூன்று வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும் என்பது கணக்கு.

கொல்லைப்பக்கம் போனேன். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குழி இருந்தது. மூடியைத் தூக்கினால் உள்ளே கரி அடுப்புக்கரி மாதிரியே காய்ந்து கிடந்தது. ஒரு பக்கெட் தண்ணீர் கேட்டு வாங்கி ஊற்றினேன். உள்ளே வந்து மீட்டர் வைத்தேன். இரண்டரை வோல்ட்.

சேஷாத்ரி நான் ஏதோ சித்து வேலை செய்ததுபோல் பார்த்தார். “பேஷ்! தண்ணி ஊத்தினா மெஷின் சரியாயிடறதா?” என்றார். டிஸ்க்கில் கெட்டுப்போன பகுதிகளை ஒதுக்கிவிட்டு, “தினமும் ரெண்டு குடம் ஊத்தணும் சார், ஒருநாள் விடக்கூடாது” என்றேன். மழை பொய்த்த வருடம் அது. மயிலாப்பூர் குளத்தில் பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த வருடத்தில் நான் சொன்னது என்னவென்று எனக்கு உறைக்கவில்லை.

2. கரண்டு குழி

சேஷாத்ரி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயதில் ஒரு பெண்மணி, புடவையை இடுப்பில் செருகியபடி வந்தார். பெயர் கன்னியம்மா. அந்த ஆபீஸைப் பெருக்கித் துடைப்பது, வாசலில் வருகிற லாரியில் தண்ணீர் பிடித்து நிரப்புவது, டீ வாங்கி வருவது எல்லாம் அவர்தான். எட்டு வருடமாக அங்கே வேலை. பக்கிங்காம் கால்வாய் ஓரம் குடிசை.

விஷயத்தைச் சொன்னதும் என்னைத்தான் கேட்டார்.

“இன்னா நைனா சொல்ற? மனுசன் குடிக்கத் தண்ணி இல்ல, மண்ணுக்கு ரெண்டு குடமா?”

“மண்ணுக்கு இல்லம்மா. கம்ப்யூட்டருக்கு.”

“கம்பூட்டரு தண்ணி குடிக்குமா?”

“ஆமா, இந்தக் குழி வழியா குடிக்கும்” என்றேன். டேட்டா என்ட்ரி செய்கிற விஜி என்ற பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். கன்னியம்மா சிரிக்கவில்லை. குழிக்குள் குனிந்து பார்த்தார்.

“எங்க தெருக் கொயாயில தண்ணி வந்து பத்து நாளாவுது சார். லாரி வந்தா ஆளுக்கு நாலு கொடம். அதுக்கே அடிதடி. இங்க மண்ணுல ஊத்தணுங்கிற. ஊத்தாட்டி இன்னா ஆவும்?”

“மெஷின் கெட்டுப்போயிடும். ஆபீஸ் நின்னுபோயிடும்.”

“ஆபீஸ் நின்னா என் வேலையும் நின்னுடும்ல?”

“ஆமாம்மா” என்றேன்.

விளையாட்டாகச் சொன்ன பதில் அது. அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று முதல் காலை ஏழு மணிக்கு, ஆபீஸ் திறந்ததும் முதல் வேலையாக அவர் அந்தக் குழிக்கு இரண்டு குடம் ஊற்றினார். அடுத்த மாதம் பிரிண்டர் ரிப்பன் மாற்றப் போனபோது மீட்டர் வைத்துப் பார்த்தேன். இரண்டு வோல்ட். வாசலில் என்னைப் பார்த்ததும், “கரண்டு குழிக்கு ஊத்திட்டேன் சார்” என்றார், பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளைபோல. நான் தலையாட்டிவிட்டு மொபெட்டைக் கிளப்பினேன்.

3. அறுபத்திரண்டு வோல்ட்

வைகாசியில் டிஸ்க் மொத்தமாகப் போய்விட்டது.

நான் போனபோது மணி மூன்று. வெயில் என்றால் அப்படியொரு வெயில். இன்னும் அடையாறில் ஒரு சர்வீஸ் கால் பாக்கி, பாண்டி பஜாரில் ஒன்று பாக்கி. சேஷாத்ரி என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“வாங்கோ. வந்து பாருங்கோ. மானம் போயிண்டிருக்கு!”

நடந்தது இதுதான். காலையில் சர்வர் எழுந்திருக்கவில்லை என்றதும் விஜி கைவசம் இருந்த பேக்கப் ஃப்ளாப்பிகளை எடுத்து, ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றி வேலையை ஆரம்பித்திருக்கிறாள். அது இரண்டு மாதப் பழைய பேக்கப். அந்த இரண்டு மாதத்தில் கல்யாணம் முடிந்தவர்கள் எல்லோரும் மறுபடி வரனாகிவிட்டார்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடி வந்த ஒரு மாமா, பிரிண்டில் முதலாவதாக வந்த பையனின் வீட்டுக்கு நேராக ஆட்டோ பிடித்துப் போயிருக்கிறார். கதவைத் திறந்தவள் அந்தப் பையனின் புது மனைவி.

“கல்யாணம் ஆனவாளுக்கெல்லாம் வரன் அனுப்பிச்சுண்டிருக்கோம் சார்! அந்தப் பொண்ணு ஒரே அழுகையாம். ரெண்டு ஆத்துலேருந்தும் வந்து என்னைக் கேக்கறா. நான் என்ன பதில் சொல்றது? இதுக்கு யார் பொறுப்பு?”

சர்வரின் கேபினட்டைத் தொட்டேன். விரல் நுனியில் சுளீரென்றது. மீட்டர் வைத்தேன். அறுபத்திரண்டு வோல்ட்.

இந்த இடத்தை, இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகள் நிதானமாகப் படிக்கவேண்டும். காய்ந்த குழி பத்து வோல்ட் காட்டும், பதினைந்து காட்டும். அறுபத்திரண்டு காட்டாது. அந்த அளவுக்கு வந்துவிட்டால் எர்த் கம்பியே எங்கோ அறுந்திருக்கிறது என்று பொருள். எனக்கு இது தெரியும். பையில் டெஸ்ட் லாம்ப் இருந்தது. ஒரு ஹோல்டர், நூறு வாட் பல்பு, இரண்டு ஒயர், அவ்வளவுதான் அது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தால், எர்த் உயிரோடு இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். அறுந்திருந்தால் எரியாது. இரண்டு நிமிட வேலை.

நான் அதை எடுக்கவில்லை. நேராகக் கொல்லைக்குப் போய் மூடியைத் தூக்கி, ஸ்க்ரூ டிரைவரை உள்ளே குத்தி எடுத்தேன். நுனியில் ஈரம் இல்லை. பொடிப்பொடியாகக் கரி ஒட்டியிருந்தது.

கன்னியம்மா பின்னாலேயே வந்திருந்தார்.

“என்னம்மா, தண்ணி ஊத்தறதில்லையா?”

“டெய்லி ஊத்துறேன் சார். காலீல கூட ரெண்டு கொடம் ஊத்துனேன்.”

“ஊத்தினா இப்படியா காஞ்சு கிடக்கும்?”

“ஊத்துன ஒடனே உறிஞ்சிக்கிது சார். மண்ணுக்கும் தாகம்தானே.”

“பொய் சொல்லாதம்மா” என்றேன்.

எட்டு மணி நேரத்துக்கு முன்னால், அந்த வெயிலில், அந்த மண்ணில் ஊற்றிய தண்ணீர் பிற்பகல் மூன்று மணிவரை மேலாக நிற்குமா என்று ஒரு கணம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. அவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வேலை முடிந்ததும் கால் ரிப்போர்ட் எழுதவேண்டும். மூன்று நகல். வெள்ளை கம்பெனிக்கு, மஞ்சள் வாடிக்கையாளருக்கு, இளஞ்சிவப்பு நமக்கு. அந்த ஆபீஸுக்கும் எங்களுக்கும் பராமரிப்பு ஒப்பந்தம் இருந்தது. டிஸ்க் தானாகப் போயிருந்தால் நாங்கள் இலவசமாக மாற்றித் தரவேண்டும். சைட்டில், அதாவது வாடிக்கையாளர் இடத்தில், கோளாறு என்றால் வேண்டாம். எங்கள் மேனேஜருக்கு ‘சைட் ப்ராப்ளம்’ என்ற இரண்டு வார்த்தையைப் போலப் பிடித்தது எதுவும் கிடையாது. ஆங்கிலத்தில் நான் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘பெருக்குகிற பெண் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றுவதில்லை. டிஸ்க் பழுதுக்கு அதுவே காரணம். வாடிக்கையாளரிடம் தெரிவிக்கப்பட்டது.’

சேஷாத்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

4. அறுந்த கம்பி

மூன்று வாரத்தில் மறுபடி போன். புது டிஸ்க் போட்டும் மெஷின் நின்று நின்று போகிறது, கேபிளைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றார்கள்.

வாசலில் வேறு ஒரு பெண் பெருக்கிக்கொண்டிருந்தாள். விஜியிடம், “கன்னியம்மா எங்க?” என்று கேட்டேன்.

“அன்னைக்கே அனுப்பிட்டாரே சார். நீங்க எழுதிக் குடுத்தீங்கல்ல” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “நாங்களும் சொன்னோம். அவங்க குடத்தைத் தூக்கிட்டு கேட்டுக்கு வெளிய போறதை நானே நாலஞ்சு தடவை பாத்திருக்கேன். அந்தத் தண்ணியத்தான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்காங்க” என்றாள்.

அதற்குள் சேஷாத்ரி வந்துவிட்டார். “இப்போ அந்தப் புகாரே கிடையாது சார். நானே என் கையால ஊத்திண்டிருக்கேன். ஸ்நானத்துக்கு வெச்ச தண்ணியை எடுத்து ஊத்தறேன். வேணும்னா போய்ப் பாருங்கோ.”

குழி சொதசொதவென்று இருந்தது. மீட்டர் வைத்தேன். அறுபத்து நான்கு.

இந்தத் தடவை டெஸ்ட் லாம்ப்பை எடுத்தேன். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தேன். பல்பு எரியவில்லை. மெயின் போர்டிலிருந்து எர்த் கம்பியைக் கையால் தடவிக்கொண்டே போனேன். சுவரோடு இறங்கி, கொல்லைக்குத் திரும்பி, துவைக்கிற கல்லுக்கு ஐந்தடி முன்னால் மண்ணுக்குள் போயிற்று. அந்த இடத்தில் புதிதாக ஒரு குழாய் தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. கம்பியைப் பிடித்து இழுத்தேன். எதிர்ப்பே இல்லாமல் வெளியே வந்துவிட்டது. நுனி நறுக்கென்று வெட்டுப்பட்டிருந்தது.

“இந்த போர்வெல் எப்போ போட்டது சார்?”

“பங்குனியில. தெருவுல எல்லாரும் போட்டா, நானும் போட்டேன். இருநூறு அடி போயும் காத்துதான் வந்தது. ஏன்?”

பங்குனியில் போர் போட வந்தவர்கள் தோண்டும்போது கம்பியை வெட்டி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். பங்குனியிலிருந்து வைகாசிவரை கன்னியம்மா தண்ணீர் ஊற்றியது எதோடும் சேராத ஒரு குழியில். நான் ஸ்க்ரூ டிரைவரைக் குத்திப் பார்த்ததும் அந்தக் குழியில்தான். குழி ஈரமாக இருந்திருந்தாலும், காய்ந்திருந்தாலும் அந்த டிஸ்க் போயிருக்கும்.

கிளாம்ப் போட்டுக் கம்பியைச் சேர்த்தேன். பல்பு எரிந்தது. மீட்டரில் ஒன்று புள்ளி எட்டு. இந்தத் தொழிலில் அந்த நிமிடத்துக்காகத்தான் உயிரை விடுவோம். அன்று அந்தப் பல்பைப் பார்க்கப் பிடிக்காமல் பிடுங்கிப் பைக்குள் போட்டேன்.

சேஷாத்ரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது, கன்னியம்மா மேல் குற்றம் இல்லை என்றும் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. முகம் வாடிப்போயிற்று.

“அப்போ குடத்தைத் தூக்கிண்டு போனாளே, அது?”

“தெரியல சார்.”

“அதுக்குப் பதில் தெரியாம எப்படிக் கூப்பிடறது? அதோட, இப்போ வந்திருக்கிறவளை என்ன பண்ணச் சொல்றேள்? அவளும் மூணு வாரமா பெருக்கிண்டிருக்கா. அவளை எதைச் சொல்லி அனுப்பறது?”

எழுதுவதற்காக எடுத்த ரிப்போர்ட் புத்தகத்தை, பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று மூடிவைத்தேன்.

5. கால்வாய் ஓரம்

விஜியிடம் அடையாளம் கேட்டுக்கொண்டு போனேன். தண்ணீர் லாரி வரும் இடத்தில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு நிழலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கன்னியம்மா அவர்களோடு உட்காரவில்லை. தள்ளி, ஒரு மின் கம்பத்துக்குக் கீழே தனியாக நின்றிருந்தார்.

என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார். “இன்னா சார், இன்னும் எதுனா ஒடஞ்சிருச்சா?” என்றார்.

நடந்ததைச் சொன்னேன். போர் போட்டவர்கள் கம்பியை வெட்டியதைச் சொன்னேன். நான் சோதிக்காமல் எழுதியதைச் சொன்னேன். குடத்தைப் பற்றியும் கேட்டுவிட்டேன்.

“அதுவா?” என்றார். “லாரி வராத அன்னிக்கு அங்க ட்ரம்முல தண்ணி இருக்காது சார். ஒரு நாள் வுட்டாலும் மிசினு கெட்டுரும்னு நீதான சொன்ன. எங்க வூட்டுக் கொடத்துல ஒண்ணு கொண்ணாந்து ஊத்துவேன். வேலை முடிஞ்சி அந்தக் காலிக் கொடத்தத்தான் தூக்கிக்கினு வருவேன். அத்தப் பாத்துட்டு தண்ணி திருடின்னுட்டாங்க.”

“நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொன்னேன் சார். வூட்ல கெடக்கிற தண்ணிய எவளாவது கொண்ணாந்து மண்ணுல ஊத்துவாளான்னாங்க. நாயமான கேள்விதானே? இப்ப என்னையே கேட்டா நானும் நம்ப மாட்டேன்.”

பிறகு வரிசையில் இருந்த காலிக் குடங்கள் பக்கம் திரும்பினார்.

“ஏன் சார், அப்ப நான் ஊத்துனது ஒண்ணுத்துக்குமே ஆவலியா? ஒரு கொடம் கூடவா?”

“ஆகலம்மா” என்றேன்.

“மருமவ பச்ச ஒடம்புக்காரி சார். அப்ப புள்ள பொறந்து இருவது நாளு. அவளுக்கு வெந்நி வெக்க வெச்சிருந்த தண்ணி அது. அத்தத் தூக்கிக்கினு வந்து ஊத்துனேன்.”

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் திட்டவில்லை. ஆபீஸ் இருந்த தெருவில் நான்கு வீட்டில் வேலை கேட்டதாகவும், தண்ணீர் எடுக்கிற பொம்பளை வேண்டாம் என்று நான்கு வீட்டிலும் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். லாரி வரிசையில்கூட அவர் குடத்துக்குப் பக்கத்தில் குடம் வைக்க யோசிக்கிறார்கள் என்றார். அந்த வருடம் சென்னையில் நகை திருடியவளைக்கூட மன்னித்திருப்பார்கள்.

“காயிதத்துல எழுதுனதாலதான சார் இப்பிடி ஆச்சி? நீயே ஒரு காயிதம் எழுதிக் குடு. நான் எடுக்கலன்னு கம்பெனி காயிதத்துல போட்டுக் குடு. நான் காட்டி வேலை கேட்டுக்கறேன்.”

கண்டிப்பாகத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

6. ஆளைப் பற்றி எழுதாதே

மேனேஜர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கோபப்படவே இல்லை.

“பழைய ரிப்போர்ட்ல என்ன போட்ட? சைட் ப்ராப்ளம். இப்ப என்ன கண்டுபிடிச்ச? கம்பி கட். அதுவும் சைட் ப்ராப்ளம். அப்புறம் எதுக்குப்பா மாத்தணும்?”

“அந்தம்மா மேல தப்பு இல்லன்னு எழுதணும் சார். வேலை போயிருச்சு.”

“எழுது. நான் சர்வீஸுக்கு வந்து தப்பா டயக்னோஸ் பண்ணேன்னும் எழுது. நாளைக்கு அவர் அதைக் காட்டி, ‘ரெண்டாவது தடவையும் மெஷின் நின்னுச்சு, நஷ்டம் குடு’ன்னு கேட்பார். யார் குடுக்கறது, நீயா?” பேனாவை மூடி வைத்தார். “ஃபைண்டிங் மட்டும் எழுது. ஆளைப் பத்தி எழுதாத. ரிப்போர்ட்டுன்னா அதுதான் ரூல்.”

ரூல் சரியான ரூல்தான். முதல் ரிப்போர்ட்டின்போது அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு இதே மனிதர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வேலையை விட்டுவிட்டு உண்மையை எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தங்கை கல்யாணம் இருந்தது, வீட்டு வாடகை இருந்தது. எல்லோருக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. கன்னியம்மாவுக்கும் இருந்தது. நான் அப்படியொன்றும் யோசித்துப் போராடவும் இல்லை. சரி சார் என்று சொல்லிவிட்டு என் மேஜைக்குப் போய் எழுதினேன். ‘எர்த் கண்டக்டர், குழிக்கும் மெயின் போர்டுக்கும் நடுவில் ஓப்பன். இணைக்கப்பட்டது. நியூட்ரல் எர்த் 1.8 வோல்ட். சிஸ்டம் ஓகே.’ எல்லாம் ஆங்கிலத்தில். சேஷாத்ரி கையெழுத்துப் போட்டார். கம்பெனி சீல் வைத்தேன். என்னுடைய இளஞ்சிவப்பு நகலைக் கிழித்துக் கன்னியம்மாவிடம் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கி, மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

கம்பி அறுந்திருந்தது என்பதுதான் அதில் இருக்கிறதே, தெரிந்தவர்கள் படித்தால் புரிந்துகொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தத் தெருவில் அதைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

ஒரு மாதம் கழித்துத் தி.நகர் ஆபீஸுக்கு அவர் வந்தார். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நீந்தி, வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார். ரிசப்ஷனில், “கம்பூட்டருக்குத் தண்ணி ஊத்தச் சொன்ன சாரு” என்று கேட்டாராம். அங்கே சிரித்திருக்கிறார்கள். நான் இறங்கிப் போனபோது படிக்கட்டுக்குக் கீழே நின்றிருந்தார். கையில் அந்த நகல். மடித்த இடமெல்லாம் கிழிந்து, வியர்வையில் எழுத்து கலங்கியிருந்தது.

“ஏழெட்டு வூட்ல காட்டுனேன் சார். பாதிப் பேரு இது கரண்டு பில்லான்னாங்க. அடையாறுல ஒரு டீச்சரம்மா மட்டும் ஒக்கார வெச்சிப் பொறுமையா படிச்சாங்க.”

“என்ன சொன்னாங்க?”

“இதுல உன் பேரே இல்லியேம்மான்னாங்க. தண்ணின்ற வார்த்தையே இதுல எங்கயும் இல்லியேன்னாங்க.”

நான் அந்த நகலை வாங்கிப் பார்த்தேன்.

“மொத காயிதத்துல இருந்துச்சே சார்? நான் தண்ணி ஊத்தலன்னு இருந்துச்சே. அந்த இங்கிலீசு உனக்குத் தெரிஞ்சதுதான?”

அங்கேயே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ரிசப்ஷன் மேஜையில் வைத்து, தமிழில் எழுதினேன். கன்னியம்மா தண்ணீர் எடுக்கவில்லை, ஒருநாள் விடாமல் ஊற்றினார், தவறாக எழுதியது நான், என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படித்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சீலு இல்லியா சார்?”

சீல் மேனேஜர் மேஜை டிராயரில் இருந்தது. இதற்குமுன் வைத்ததுகூட அவர் எடுத்துக் கொடுத்ததுதான். மாடிக்கு மொத்தம் பதினெட்டுப் படி. நான் ஏறவில்லை.

“சீல் வேண்டாம்மா, கையெழுத்து இருக்கே” என்றேன்.

“சரி சார்” என்றார். தாளை மடித்து வைத்துக்கொண்டு போனார். அந்தத் தாளை யாரிடமாவது காட்டினாரா என்று எனக்குத் தெரியாது.

இதற்குப் பிறகு இருபத்தாறு வருடம் இந்த வேலை பார்த்தேன். கோஆக்ஸ் போய், ஹப் வந்து, ஸ்விட்ச் வந்து, எல்லாம் மாறிற்று. எனக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவரிடமும் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறேன். மீட்டர் ஒன்று சொல்லும்போது கண் வேறொன்று சொன்னால் மீட்டரை நம்பு. ரிப்போர்ட்டில் ஒரு மனிதரைக் குற்றம் சொல்லி எழுதுவதற்கு முன்னால், அவர் சொல்வது உண்மையாக இருந்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டு எழுது. பையன்கள் நோட்டில் குறித்துக்கொள்வார்கள். நல்ல பாடம் சார் என்பார்கள்.

பாடமெல்லாம் எனக்குத்தான் பயன்பட்டது. சர்வீஸ் கால்களைச் சீக்கிரம் முடிக்கிறேன் என்று அந்த வருடக் கடைசியில் என்னை சீனியர் இன்ஜினியர் ஆக்கினார்கள். அந்தச் செய்தியோடு மயிலாப்பூருக்கு ஒரு கால் முடிக்கப் போனபோது விஜியிடம் கன்னியம்மாவைப் பற்றிக் கேட்டேன். அந்தத் தெருவில் கடைசிவரை அவருக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை, குடிசையைக் காலி செய்துகொண்டு எங்கோ போய்விட்டார்கள் என்றாள். எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது, கொல்லையில் எர்த் குழி நிரம்பி வழிந்தது.